பெட்டிக்குள் போட்ட ஆமா

பக்கத்து வீட்டு ரோஸ்மேரியின் மகள் ஜெனிஃபருக்குச் சொகுசுக் கப்பலில் பாடகி வேலை கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, நீங்களும் கப்பல்ல ஆர்ட்டிஸ்டா இருந்தியளாமே, அம்ம சொன்னா. என்ன ஐட்டம்?"

"ஆமா போடுகது" என்றேன்.

"அது செரி. ஐட்டம் என்னன்னு கேட்டேன்."

"அதாம் மக்களே ஐட்டம்."

அவள் சிரித்த சிரிப்பில் பல்லில் கட்டியிருந்த கம்பி முழுவதும் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பத்தைந்து வயதுக்கு மேல் வருகிற கோபத்தால் யாருக்கும் ஒரு சேதமும் கிடையாது, ஆனால் பேனாவை எடுக்க வைக்கும். எடுத்துவிட்டேன்.

என் பெயர் சுயம்பு. இராஜாக்கமங்கலம் பக்கத்துக்காரன். கப்பலில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஏடன், போர்ட் செய்த், நேப்பிள்ஸ், லண்டன், அந்தப் பக்கம் சிட்னி வரைக்கும் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போட்டேன். ரேஷன் கடையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதினால் கேஸ் ஆகும்.

என் படிப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சீக்கிரமே முடிந்த சங்கதிதான். ஐந்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவர்மேல் ஒருவர் சலித்துப்போய்ப் பிரிந்தோம். என் மாமா ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அண்ணாவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அண்ணாவி என்றால் வில்லை முன்னால் வைத்துக் கதை சொல்கிறவர். அவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், நான் 'ஆமா' போட வேண்டும். "மாடன் வல்லயத்தைத் தூக்கினான்" என்பார். நான் ஆமா போட்டால்தான் அந்தச் சாமியின் ஈட்டி மேலே போகும். போடாவிட்டால் மாடன் தூக்கிய கையோடு அப்படியே நிற்க வேண்டியதுதான், அண்ணாவி என்னைத் திரும்பிப் பார்ப்பார், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த கூட்டமும் பார்க்கும்.

கேட்கிறவர்களுக்கு அது எல்லாம் ஒரே ஆமாதான். போடுகிறவனுக்கு அப்படியில்லை. சண்டைக்கு வெட்டிப் போட வேண்டும். சாவுக்கு இழுத்துப் போட வேண்டும். அண்ணாவிக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்று தெரிந்தால், அவருக்கு ஞாபகம் வருகிறவரை நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை ஒரு அண்ணாவி வெற்றிலை போட்டு, துப்பி, வாய் கொப்பளித்து முடிக்கிற வரைக்கும் நான் ஒரே ஆமாவில் நின்றிருக்கிறேன்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு. வருடக்கணக்கில் ஆமா போட்டால் அது வாயிலிருந்து எலும்புக்கு இறங்கிவிடும். யாராவது ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு விட்டால் போதும், என்னைக் கேட்காமலே வெளியே சாடிவிடும். இழவு வீட்டில் "நல்ல மனுசன், பொசுக்குன்னு போயிட்டாரே" என்பார்கள். அங்கே ஆமா பொருத்தம்தான். சந்தையில் ஒருவன் என் சட்டையைப் பிடித்து, "எனக்க தேங்காயக் களவாண்டது நீதானே" என்றபோதும் வந்துவிட்டது. அடியும் உடனே வந்தது.

இந்த நிலையில்தான் புரொபசர் மகாராஜா என்னைக் கண்டெடுத்தார்.

மகாராஜன் என்பது அவருக்கு அப்பன் வைத்த பெயர். ஊர் கொட்டாரம். மேஜிக் படித்த பிறகு பெயரில் ஒரு எழுத்தை மாற்றி முன்னால் புரொபசரைச் சேர்த்துக்கொண்டார். கொடைக்கு முன்னால் கோயில் முற்றத்தில் அவர் வித்தை காட்டுவார், பிறகு எங்கள் வில்லுப்பாட்டு நடக்கும். அவருடைய வித்தைகளில் பெரியது பெட்டி வித்தை. பெட்டிக்குள் ஒளிந்திருக்க அவருடைய மச்சினனை வைத்திருந்தார். மச்சினனுக்குக் கல்யாணம் ஆயிற்று. விருந்து விருந்து என்று சொந்தக்காரர்கள் வீடு முழுக்கத் தின்று தீர்த்துவிட்டு வந்தவன், பெட்டிக்குள் நுழைந்தான், வெளியே வரவில்லை. எண்ணெய் போட்டு உருவி எடுத்தார்கள்.

மறுநாள் புரொபசர் என்னிடம் வந்தார். அவரை நான் கடைசிவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஒரு தென்னை ஈர்க்கிலால் என் தோள் அகலத்தை அளந்தார்.

"ஏலே, உனக்க முட்டு முழுசா மடங்குமா?"

"ஆமா."

"மூச்சப் பிடிச்சிட்டு இருப்பியா?"

"ஆமா."

"எங்கூடக் கப்பல்ல வாறியா?"

"ஆமா."

கேள்வி காதில் விழுமுன்பே பதில் போய்விட்டது. இப்படித்தான் நான் உலகம் சுற்றக் கிளம்பினேன். என் கல்யாணமும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடந்தது, அதை விடுவோம்.

கொழும்பில் ஒரு வெள்ளைக்காரப் பயணிக் கப்பலில் மந்திரவாதி வேலைக்கு அண்ணாச்சி பேசி முடித்திருந்தார். சுதந்திரம் கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரனெல்லாம் மூட்டை கட்டி ஊருக்குப் போகிற காலத்தில் நாங்கள் அவனுடைய ஊருக்குப் போக மூட்டை கட்டினோம். கப்பல் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேள்வி கேட்டார். அண்ணாச்சி அதைத் தமிழில் சொன்னார்.

"நெஞ்சுநோவு உண்டும்மான்னு கேக்காரு."

"ஆமா."

"சொறி செரங்கு?"

"ஆமா."

எல்லா ஆமாவையும் அண்ணாச்சி "நோ சார்" என்று மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பில் அவர் பெரிய கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிறகு எங்கள் கழுத்துக்கு வந்தது.

அண்ணாச்சியின் குணத்தைச் சொல்ல வேண்டும். அவர் கை ஓங்கி நான் பார்த்ததில்லை, கெட்ட வார்த்தையும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சந்தோஷமாக இருந்தால் நான் மக்கா. சாதாரணமாக இருந்தால் ஏலே. எரிச்சல் என்றால் "வேய், நீரு கொஞ்சம் இஞ்ச வாரும்" என்பார். "தாங்கள்" என்று தொடங்கிவிட்டால் கப்பலாக இருந்தாலும் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். மேடையில் கறுப்புக் கோட்டும் முறுக்கிய மீசையுமாக நிமிர்ந்து நிற்பார். கோட்டின் ஒரு பையில் புறா, மறு பையில் சுக்கும் உப்பு நாரத்தங்காயும். ஏனென்றால் கப்பல் கொஞ்சம் ஆடினாலே அவருக்குக் குமட்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டே புறாவை எடுப்பார், அவசரத்தில் பை மாறிவிடும். தொப்பிக்குள்ளிருந்து நாரத்தங்காயை எடுத்துக் காட்டிய மந்திரவாதி உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பெட்டி வித்தையின் ரகசியத்தைச் சொன்னால் தப்பில்லை, இப்போது அந்தப் பெட்டியே இல்லை. கருங்கல் என்கிற ஊர்த் தச்சர் ஒருவர் செய்த தேக்குப் பெட்டி, ஆள் உயரம், அடியில் சக்கரம். உள்ளே கறுப்புச் சாயம் அடித்த ஒரு பொய்ப் பலகை பின்சுவர் மாதிரி நிற்கும். அதற்கும் நிஜமான பின்சுவருக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் இடம். அந்த ஒன்றரைச் சாணில் நான், மூச்சு விடப் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரம். கதவைத் திறந்தால் காலிப் பெட்டி தெரியும். மூடி, மந்திரம் சொல்லி, மறுபடி திறந்தால் உள்ளேயிருந்து பாதாள லோகத்து ராஜகுமாரி வெளியே வருவாள். ராஜகுமாரியும் நான்தான். சேலை, சவரிமுடி, கழுத்தில் கண்ணாடி மணி எல்லாம் உண்டு. ரவிக்கைக்குள் இரண்டு தேங்காய்ச் சிரட்டை.

கொழும்பை விட்ட சில நாளில் முதல் ஆட்டம். முதல் வகுப்புக் கூடம், மேலே கண்ணாடி விளக்கு, கீழே துரைமாரும் துரைசானிமாரும். நான் பலகைக்குப் பின்னால் நிற்கிறேன். அண்ணாச்சி கதவைத் திறந்து, பெட்டிக்குள் கைத்தடியை விட்டுச் சுழற்றிக் காட்டுகிறார். பிறகு கணீர் என்று இங்கிலீஷில் சொல்கிறார், இந்தப் பெட்டிக்குள் யாருமில்லை என்று. சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டார்.

"ஆமா!" என்றேன்.

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அண்ணாச்சியின் கைத்தடி விழுந்தது, அதுவும் கேட்டது. அவர் சமாளித்துக்கொண்டு, பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, இன்னும் உரக்கச் சொன்னார், யாருமே இல்லை என்று. உரக்கச் சொன்னால் சண்டைக் கட்டம். நான் வெட்டிப் போட்டேன்.

"ஆமா!"

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கொடையிலும் கேட்டதில்லை. ஒரு துரைசானி நாற்காலியோடு சரிந்துவிட்டாள். ராஜகுமாரியாக நான் வெளியே வந்தபோது அவளுடைய புருஷன் அவளைத் தூக்குவதா, என்னைப் பார்ப்பதா என்று திண்டாடிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி கும்பிடு போட்டார். மீசை நுனி இரண்டும் நடுங்கின.

ஆட்டம் முடிந்ததும் பர்சர் துரை வந்தார். பயணிகளின் பொழுதுபோக்கெல்லாம் அவர் பொறுப்பு. எங்களை வைத்துக்கொள்வதும் தள்ளிவிடுவதும் அவர் கையில். அவர் என் தோளைத் தட்டி இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். முகம் மலர்ந்திருந்தது.

"என்ன சொல்லுகாரு அண்ணாச்சி?"

"இனி ஒருக்கா தாங்கள் வாய் திறந்தால், தங்கள் நாக்கை அறுத்துக் கடலில் போடச் சொல்லுகிறார்" என்றார் அண்ணாச்சி.

தங்கள்! ஓடி ஒளிய இடம் தேடினேன். இவ்வளவு சிரித்த முகத்தோடு நாக்கை அறுக்கிற ஜாதியும் உண்டா என்று வெள்ளைக்காரன்மேல் ஒரு பயம் வந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு முன் சமையல்கட்டில் ஒரு முழு உருளைக்கிழங்கு வாங்கி, அவித்து, வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். கூடத்தில் போன தடவையைவிட இரட்டிப்புக் கூட்டம். பேசும் பெட்டி என்று கப்பல் முழுக்கப் பேச்சு. அண்ணாச்சி கதவைத் திறந்தார், யாருமில்லை என்றார், மூச்சு விட்டார். எனக்கு ஆமா தொண்டைவரை வந்து கிழங்கில் முட்டித் திரும்பிப் போயிற்று. கூட்டம் காத்திருந்தது. அண்ணாச்சி இன்னொரு தடவை சொன்னார். பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். நாலு பேர் எழுந்து போகிற சத்தம் கேட்டது. ராஜகுமாரி கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவள் வாயில் கிழங்கு இருந்ததால் புன்னகைக்கவும் முடியவில்லை.

திரைக்குப் பின்னால் பர்சர் துரை பாய்ந்து வந்தார். இந்தத் தடவை அண்ணாச்சியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருந்த கடல் வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தினார். தன் வாயை அகலத் திறந்து, "ஆமா! ஆமா!" என்று கத்திக் காட்டினார். வெள்ளைக்காரன் ஆமா போட்டு நான் அன்றுதான் கேட்டேன், சுருதி சுத்தமாக இருந்தது. பிறகு உதட்டில் விரலை வைத்து, மௌனமாக இருந்து காட்டி, அந்த விரலாலேயே வரைபடத்தில் ஏடனைத் தொட்டு, எங்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளுகிற மாதிரி சைகை காட்டினார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆமா அல்லது ஏடன்.

மேல்தளத்தில் அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றார். பாதி வாந்தி, பாதி விசனம்.

"அண்ணாச்சி, அவரு அண்ணைக்கு நாக்க அறுக்கச் சொல்லல்ல, இல்லியா?"

அவர் சுக்கை எடுத்துக் கடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"ஏலே, எனக்கு என்ன ஆசைன்னு உனக்குத் தெரியுமா? நான் வித்தை படிக்கப் போறேன்னதும் கொட்டாரமே சிரிச்சுது. எனக்க தாலிகெட்டுக்கு வந்த மேளக்காரன் சிரிச்சான். பொண்ணுக்க அப்பன் சிரிச்சான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒருத்தன் விடாம அம்புட்டு பேரும் வாயப் பொளந்து அசந்துபோய் இருக்கணும்டே. அதுக்குத்தான் குடலு வெளிய வந்தாலும் வரட்டுன்னு கடல் தாண்டி வந்தேன். இஞ்சயும் சிரிப்பாணி."

சொல்லி முடித்து மூச்சு விட்டார்.

"ஆமா" என்றேன்.

"ஒரே மிதி, கடல்ல போய் விழுவே!"

அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஏடனும் வந்துகொண்டிருந்தது.

"ஏடன்ல எறக்கிவிட்டா என்ன செய்வோம் அண்ணாச்சி?"

"ஒட்டகத்துக்கு வித்தை காட்டுவோம். அது சிரிக்காது." மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, "சவம், போட்டுத் தொலையும்வேய்" என்றார்.

போட்டேன். ஏழு வருடம் போட்டேன். அண்ணாச்சி 'யாருமில்லை' என்பார், நான் ஆமா என்பேன், அவர் பெட்டியைப் பார்த்து, "வேய், நீரு வாய மூடும்" என்று தமிழில் சீறுவார், அதற்கும் நான் ஆமா என்பேன். அவருடைய கோபம் முழுக்க நிஜம், ஒரு நாள்கூட அவர் நடித்ததில்லை. கூட்டத்துக்கு அதுதான் பிடித்தது. துறைமுகங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்களைக் கண்டால் "ஆமா! ஆமா!" என்று கத்தும். நான் கையசைப்பேன். அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உலகத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்கிறவர்கள் உண்டு. நேப்பிள்ஸில் இடியாப்பம் மாதிரி ஒன்று தந்தார்கள், தேங்காய்ப்பால் கேட்டேன், இல்லை என்றார்கள். லண்டனில் பனி, ஒன்றும் தெரியவில்லை. சிட்னியில் கோடைகாலத்தில் கிறிஸ்மஸ், கேக் உருகி ஓடியது. எல்லாத் துறைமுகத்திலும் அண்ணாச்சியும் நானும் மரச்சீனிக் கிழங்கு தேடி அலைந்தோம், மொம்பாசாவில்தான் கிடைத்தது. அதுவும் கடைசிப் பயணத்தில்.

போர்ட் செய்தில் ஒரு கூட்டம் உண்டு. "கலி கலி கலி" என்று கத்திக்கொண்டு கப்பலில் ஏறுவார்கள், பயணிகளின் சட்டைக்குள்ளிருந்து உயிருள்ள கோழிக்குஞ்சை எடுப்பார்கள். அண்ணாச்சிக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. "இதெல்லாம் கைவேலை, நம்மது கலை" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கிழவன் வந்து, அண்ணாச்சியின் கோட்டுப் பையிலிருந்தே ஐந்தாறு குஞ்சுகளை எடுத்துக் கீழே விட்டான். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை. கோழிக்குஞ்சைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஐம்பத்தாறில் சூயஸ் கால்வாய் அடைபட்டது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றில் நாங்கள் இருக்கும்போதே ஊரில் எங்கள் தாலுகாக்களை மதராஸோடு சேர்த்துவிட்டார்கள். ஏறும்போது திருவிதாங்கூர்க்காரன், இறங்கும்போது மதராஸ்காரன். இதைவிடப் பெரிய மேஜிக்கை எந்தப் புரொபசரும் காட்டியதில்லை. வழி நீண்டால் செலவும் நீளும், இனி ஆட்டக்காரர்கள் வேண்டாம், கொழும்போடு சரி என்று பர்சர் துரை சொல்லிவிட்டார்.

நான் இடிந்துபோனேன். அண்ணாச்சி மட்டும் சிரித்த முகமாக என் படுக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"மக்கா, இனி எவன் நம்மள எறக்குவான்? எறங்கத்தானே போறோம். கடைசி ஆட்டம் எனக்கு வேணும்டே."

"என்ன அண்ணாச்சி செய்யணும்?"

"தோணுகது வேண்டாம், மறையுகது போடுவோம். ராஜகுமாரி எல்லாரும் பாக்க உள்ள போணும். கதவச் சாத்தித் தெறந்தா ஆளக் காணப்படாது. பலகைக்குப் பொறத்த நீ கொண்டியப் போட்டுட்டு நில்லு. நான் வந்து 'போதும்'னு சொல்லுகது வரைக்கும் மூச்சு காட்டப்படாது. முடியுமா?"

"ஆமா."

"அந்த ஆமாவ நம்ப முடியாது. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். பதில் சொல்லுமுன் யோசித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல்.

"முடியும் அண்ணாச்சி" என்றேன்.

அன்று சாயங்காலம் தேநீர் வேளையில் ஆட்டம். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பார்க்கப் பெட்டிக்குள் ஏறினேன். அண்ணாச்சி கதவைச் சாத்தினார். பலகைக்குப் பின்னால் போய்ப் பித்தளைக் கொண்டியைப் போட்டேன். ஏழு வருடமாக அந்தக் கொண்டியைத் தொடவே இல்லை. தோன்றுகிற வித்தைக்குப் பலகையைக் கையால் பிடித்துக்கொண்டால் போதும். உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. நெறுக்கென்று விழுந்தது.

கதவு திறக்கும் சத்தம். அண்ணாச்சியின் குரல், யாருமில்லை என்று. மூச்சு விட்டார்.

முன்வரிசையில் கிளுக் கிளுக் என்று சிரிப்பு தொடங்கியது, எல்லாருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். எனக்கு நாக்கு தானாக எழும்பிற்று. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்தேன். பிள்ளைகள் "ஆமா, ஆமா" என்று எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கடித்த சேலை கிழிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. அண்ணாச்சி பெட்டியைச் சக்கரத்தில் சுற்றிக் காட்டினார், நாலு பக்கமும் தட்டினார். யாரோ ஒரு அம்மாள் மெல்ல "ஓ" என்றாள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அப்படி ஒரு அமைதி. அவர் கொட்டாரத்திலிருந்து தேடி வந்த அமைதி அதுதான் என்று எனக்கு இருட்டுக்குள்ளேயே தெரிந்தது. அதன் பிறகு கைதட்டல், ஓட்டுக்கூரையில் ஐப்பசி மழை விழுகிற மாதிரி. நிற்கவே இல்லை. கேப்டனே மேடைக்கு வந்து அண்ணாச்சியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் கேட்டது.

எல்லாரும் போன பிறகு கொண்டியைத் தள்ளினேன். அசையவில்லை. தோளால் முட்டினேன், சிரட்டைதான் உடைந்தது. சத்தம் போடலாம் என்றால் அவர் இன்னும் 'போதும்' சொல்லவில்லை. வில்லுப்பாட்டில் கடைசியில் வாழி பாடி முடிக்காமல் எவனும் எழும்பக் கூடாது, என்ன முட்டினாலும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இருந்தேன். கப்பல் ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். காலிப் பெட்டி இப்படிக் கனக்கிறதே என்று அவர்கள் மொழியில் திட்டிக்கொண்டே கீழே சாமான் அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டார்கள். மூச்சுத் துவாரம் என் மூக்குக்கு நேராக அமைந்தது, அந்த மட்டுக்குப் புண்ணியம்.

மேலே நடந்ததை அண்ணாச்சி பிறகு சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேப்டன் மேஜையில் அவரை நடுவில் உட்காரவைத்து, ராஜகுமாரி எங்கே போனாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். இவர் மீசையை முறுக்கி, "பாதாள லோகம்" என்றாராம். பரிமாறுகிறவன் வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து வைத்து மூடியைத் தூக்கினானாம். உள்ளே ஒரு முழுக்கோழி, காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்ததாம். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு என் ஞாபகம் வந்ததாம். கோழியோடு எழுந்து ஓடியவரைப் பார்த்து அதுவும் ஒரு வித்தை என்று அங்கே மறுபடி கை தட்டினார்களாம்.

"ஏலே சுயம்பு! உள்ளதான் கெடக்கியா?"

பெட்டியில் தடதடவென்று அடி விழுந்தது. நான் பேசவில்லை. அவர் 'போதும்' சொல்லவில்லையே.

"சத்தம் தாடே! ஏலே!" கதவைத் திறந்து பார்த்தார். காலிப் பெட்டி. பலகையைத் தள்ளினார், நகரவில்லை. "எம்மா பகவதி! நெசமாவே மாயமாயிட்டானா? அவனுக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சொல்லித் தொலையுமேன் அண்ணாச்சி அந்த ஒரு வார்த்தையை என்று நான் உள்ளே துடித்துக்கொண்டிருந்தேன். அவர் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார். அழத் தொடங்கிவிட்டார்.

"போதும் தாயே. எனக்கு இந்த வித்தையே போதும். அந்தப் பயலத் தந்துடு."

"ஆமா!" என்றேன்.

ஏழு வருடத்தில் சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் அவர் அப்போது பெட்டிமேல் காட்டினார். மரியாதையே இல்லாத வார்த்தைகள், ஒரு "தாங்கள்" கிடையாது. கேட்கக் கேட்க எனக்குக் குளிர்ந்தது. கடைசியில் தச்சனைக் கூப்பிட ஒரு ஆளை அனுப்பிவிட்டு, பெட்டியோடு ஒட்டி உட்கார்ந்து, மூச்சுத் துவாரத்தில் வாயை வைத்து, "பசிக்காலே மக்கா?" என்றார்.

கோழியைப் பிய்த்துப் பிய்த்துத் துவாரத்தின் வழியாக ஊட்டினார். நான் வாயால் வாங்கிக்கொண்டேன். ஊட்டிக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

"கதவத் தெறந்தேனா?"

"ஆமா."

"ஒருத்தனும் சிரிக்கல்ல கேட்டியா?"

"ஆமா."

"முன்னால இருந்த ஒரு வெள்ளக்காரன் வாயப் பொளந்தான் பாரு, உள்நாக்கு தெரிஞ்சுது."

"ஆமா!"

"அந்தப் பர்சரு எந்திச்சு நின்னுட்டான்டே. அவனுக்க கண்ணுல தண்ணி."

"ஆமாஆஆ..."

அவருக்கு அடுத்த வரி வரவில்லை. வருகிறவரைக்கும் நான் நீட்டிக்கொண்டே இருந்தேன். அதற்குள் தச்சன் கோடாரியோடு வந்து பெட்டியைப் பிளக்கக் கையை ஓங்கினான். "எடேய், கொஞ்சம் பொறுடே, கதை இன்னும் முடியல்ல" என்று உள்ளேயிருந்து கத்தியது நான்தான்.